வளையும் முனிவரும் உயரும் தோளும்

பாங்கொக் நகரின் வாட் போ விகாரையில் மூன்றாம் இராமா மன்னர் 1836இல் துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பித்த 80 முனிவர் சிலைகளே ‘ரூசி தத் தோன்’ எனப்படும் தாய்லாந்து உடற்பயிற்சி மரபின் முதன்மைச் சான்றாகும். ‘ரூசி’ என்பது தமிழர் அறிந்த ரிஷியே. ‘தத் தோன்’ தன்னுடலைத் தானே வளைத்து நிமிர்த்துவதைக் குறிக்கும்.

இம்மரபின் வலிமை கைகளை அது பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. சோம்பல் முறிக்கும் நிலை எனப்படும் பயிற்சியில், விரல்களைக் கோத்து, உள்ளங்கைகளை வெளிப்புறம் திருப்பி, முழங்கை நிமிர இடமும் வலமும் முன்னும் தள்ளிய பின் கைகள் தலைக்கு மேல் உயர்த்தப்படுகின்றன. மேலே உயரும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், எஞ்சிய 60 பாகை தோட்பட்டை எலும்பு சுழல்வதாலும் நிகழ்கின்றன. அச்சுழற்சியை விலாவைப் பற்றியிருக்கும் முன்ரம்பத் தசையும் கழுத்திலிருந்து முதுகுக்கு விரியும் சரிவகத் தசையும் இணைந்து நடத்த, மார்புத் தசையும் அகன்ற முதுகுத் தசையும் நீள்கின்றன. கோத்த கைகளுள் ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாவதால், எந்தக் கருவியுமின்றி இழுவிசையின் அளவைப் பயில்பவரே தீர்மானிக்க முடிகிறது. இது எளிதில் கிட்டாத நற்பேறு.

ஆயினும் சிலை காட்டுவது இறுதி நிலையை மட்டுமே. கை எவ்வழியாக, எவ்வளவு மெதுவாக அங்கு சென்றது என்பதை உலோகம் சொல்வதில்லை, தசையின் உழைப்போ பெரிதும் அவ்வழியையும் வேகத்தையும் பொறுத்தது. தசை சுருங்கும்போது எழும் மின்னலைகளைத் தோலில் ஒட்டிய மின்வாய்களால் அளக்கும் தசைமின் பதிவும் இக்குறையை முழுமையாக நீக்காது. தோளில் மிகுதியாகச் சேதமுறும் தசைநாணுக்குரிய மேல்முள் தசை சரிவகத் தசைக்கு அடியில் மறைந்திருப்பதால், மேற்பரப்புப் பதிவு அமைதியாக இருப்பதைக் கொண்டு உள்ளேயும் அமைதி என்று முடிவுகட்டுதல் தவறு. மேலும், நிலைகளை நோவின் பெயரால் வகுக்கும் பழைய முறை, இறுகிய மூட்டையும் கிழிந்த தசைநாணையும் கழுத்து நரம்பிலிருந்து பரவும் வலியையும் ‘தோள் நோவு’ என்ற ஒரே சொல்லுள் அடக்கிவிடுகிறது. முதலாவதற்கு இதமளிக்கும் இழுப்பு இரண்டாவதற்குக் கேடாகலாம்.

இலங்கையின் வேலணைத் தீவிலுள்ள மண்கும்பான் போன்ற கரையூர்களின் உழைப்போடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு துலங்கும். வலையை உடலை நோக்கி இழுத்து இழுத்து மார்பு ஒடுங்கித் தோள் முன்வளைந்த கடற்றொழிலாளிக்கு, நெஞ்சை விரிக்கும் இந்தச் சோம்பல் முறிக்கும் நிலை பெரிதும் பொருந்தும். பனைவட்டில் நின்று, அண்ணாந்து பாளை சீவும் தொழிலாளியின் கையோ நாள்தோறும் உயர்ந்தபடியே உழைக்கிறது. அவருக்கு வலி இருக்குமாயின், தலைக்கு மேல் உயர்த்தும் கடைசிப் பகுதியை விடுத்து, முன்னும் பக்கமும் தள்ளும் பகுதிகளை மட்டும், வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திச் செய்வதே தகும்.