ஈஸ்டர் தீவு: ஜாரெட் டயமண்டின் கணக்கு இடிக்குது

ஜாரெட் டயமண்டின் 'கொலாப்ஸ்' (2005) புத்தகத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது ஈஸ்டர் தீவு அத்தியாயத்தைத்தான். மரத்தையெல்லாம் வெட்டினாங்க, மண் போச்சு, பட்டினியில் அழிஞ்சாங்க என்பது கதை. எழுத்து அபாரம். ஆனா கணக்கு இடிக்குது.

ரபா நூயி என்கிற அந்தத் தீவு எரிமலைப் பாறை. மழை நம்ம திருத்தணிப் பக்கம் மாதிரியே வருஷத்துக்கு 1000 மி.மீ.க்கு மேல். ஆனா பெய்த நீர் துளைப்பாறையில் இறங்கிவிடும். நிரந்தர ஓடையே கிடையாது. அதனால் வயலில் எரிமலைக் கல்லைப் பரப்பி, இடையில் சர்க்கரைவள்ளி நட்டார்கள். கல் ஈரத்தைக் காக்கும், காற்றைத் தடுக்கும், மெல்லச் சத்தும் தரும்.

டயமண்டும் இதை விவரிக்கிறார். ஆனால் மக்கள்தொகை என்று வரும்போது 15,000, அதற்கும் மேல் என்ற பக்கம் சாய்கிறார். உச்சம் அவ்வளவு உயரமாக இருந்தால்தானே வீழ்ச்சியும் பெரிதாகும்? 2024-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்த ஆய்வில் கல் தோட்டங்கள் வெறும் 0.76 சதுர கி.மீ. மீன் முதலியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 3,000 பேருக்குத்தான் காணும். 1722-ல் வந்த டச்சுக்காரர்கள் மதிப்பிட்டதும் கிட்டத்தட்ட அதே அளவு.

காடு போனது உண்மை. ஆனால் 1862-63-ல் பெருவிலிருந்து வந்த அடிமை வேட்டையும், பின்னாலேயே பெரியம்மையும் தாக்கி, 1877-ல் மிஞ்சியவர்கள் 111 பேர். டயமண்ட் இதை மறைக்கலை. கதையின் எடையை மட்டும் கோடாலி மேல வைக்கிறார். கல்லாங்காட்டில் பல நூறு வருஷம் விளைவித்துப் பிழைத்தவர்களுக்கு, தானே அழிஞ்சவங்க என்ற பெயர்தான் மிச்சம். அது நியாயமில்லை.