கோயில் எந்தத் தெருவில் இருக்கிறது?

பாமாவின் ‘கருக்கு’ நூலில் தொடக்கப் பக்கங்களிலேயே ஊரின் அமைப்பு வந்துவிடுகிறது. எந்தச் சாதி எந்தத் தெருவில் குடியிருக்கிறது, தபாலாபீஸ் எங்கே, பால் டிப்போ எங்கே, பஞ்சாயத்து போர்டு எங்கே என்று சொல்லிக்கொண்டு போகிறார். அந்த வரிசையில் சர்ச்சும் பள்ளிக்கூடமும் வருகின்றன. எல்லாமே மேல்சாதிக்காரர்களின் தெருக்களில்தான். அவர்களுக்குத் தலித் தெருவுக்குள் வரவேண்டிய தேவையே கிடையாது. நான் மகாராஜபுரத்துக்காரி. பாமாவின் புதுப்பட்டியும் எங்கள் ஊரும் வத்திராயிருப்பை ஒட்டியவை. இந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு அவர் போட்டுக் காட்டும் படம் புதிதல்ல. சர்ச் இருக்கும் இடத்தில் இன்னோர் ஊரில் பெருமாள் கோயில் இருக்கும், அவ்வளவுதான்.

1992இல் வெளிவந்ததிலிருந்து ‘கருக்கு’ தலித் தன்வரலாறாகவும், கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒருத்தியின் கதையாகவும் வாசிக்கப்பட்டு வருகிறது. இரண்டும் சரிதான். ஆனால் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அதில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது: கோயில் என்றால் எப்படி இருக்க வேண்டும்? அது யாருடையது? பாமா இதற்குத் தத்துவம் பேசிப் பதில் தேடவில்லை. யார் கூட்டுகிறார்கள், யார் கக்கூஸ் கழுவுகிறார்கள், யார் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்று பார்க்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள். ஏழைகள் அங்கே வேலைக்காரர்களாக இருக்கிறார்கள். தலித் பெண்களைச் சில சபைகள் சேர்த்துக்கொள்வதில்லை என்பதும் உள்ளே போன பிறகுதான் காதில் விழுகிறது. திருச்சபையில் தலித்துகளுக்கு எண்ணிக்கையில் மட்டும்தான் முதலிடம் என்ற கசப்பு அங்கிருந்து வருகிறது.

என்னுடைய குறை ஒன்று உண்டு. ‘கருக்கு’ மடத்தைப் பற்றிப் பேசும் கடைசிப் பகுதிகளில் பிரசங்கமாகிவிடுகிறது. எதிர்த்துப் பேசப்படும் சாமியார்களின் குரல் எதிர்ப்பவரின் வாக்கியங்களிலும் ஏறிக்கொள்கிறது. அதைவிட முக்கியம், அங்கே பேசும் ‘நான்’ படித்த, மணமாகாத பெண். தெருவில் கல்யாணமாகி அடிவாங்கிக்கொண்டிருப்பவளுக்குக் கோயில் என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல ‘சங்கதி’ வரவேண்டியிருந்தது. 1994இல் வந்த அந்த நூலில் பேசுவது ஒருத்தியல்ல, ஒரு தெருவே பேசுகிறது. அதனால்தான் அது இன்னும் கூர்மையான நூல் என்பேன்.

மாரியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் தப்பாக நடக்க வந்த நிலக்காரரிடமிருந்து அவள் தப்பி ஓடிவருகிறாள். அவர் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழியைப் போடுகிறார். பஞ்சாயத்து கூடி அவளுக்கு அபராதம் விதிக்கிறது. பழி சுமத்தப்பட்ட மாணிக்கத்துக்கும் உண்டு, ஆனால் குறைவு. பிறகு அவனையே அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவனிடம் அடிபட்டு வாழ்கிறாள். பஞ்சாயத்து நடந்த அந்த இரவில் அவள் போய் நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கோயில் அப்படிப்பட்ட இடம் என்று கதையில் யாருக்கும் தோன்றவில்லை. பாமா இதைச் சுட்டிக்காட்டவும் இல்லை. சுட்டிக்காட்டாததாலேயே எனக்கு அது உறைத்தது.

நூல் வெளிப்படையாகச் சொல்வது இதைவிடக் கடுமையானது. மற்ற தலித் சாதிகளில் புருஷன் கொடுமை தாங்காதவள் தீர்த்துவிட்டுப் போக முடிகிறது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வழியையும் வேதம் அடைத்துவிட்டது. மரியாதை தேடிச் சேர்ந்த மதத்தில், இருந்த ஒரு வாசலும் போயிற்று. அரசுச் சட்டமும் அப்போது துணைக்கு வரவில்லை. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றே போதும். மனைவிக்கோ அதோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்க வேண்டும். 2001இல்தான் அது திருத்தப்பட்டது, ‘சங்கதி’ வந்து ஏழு வருஷம் கழித்து.

அதனால் சாதிச்சுவரை இடித்தால் கோயில் சரியாகிவிடும் என்ற பேச்சு எனக்குப் போதவில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கோயிலில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே உட்கார நடுவில் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டது. வேளாளர்கள் வழக்குக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது, போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். இடித்த சுவர் வேறு ஊரில் எழும்பி நிற்கிறது. இந்தச் சுவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்களைப் பற்றிக் கேட்பது அரிது. அடிவாங்கினவள் வேளாளத்தியானாலும் நாடாத்தியானாலும் பறைச்சியானாலும் சாமியாரிடம் கேட்கக்கூடியது ஒரே வார்த்தைதான்: பொறுத்துக்கோ.

வேடிக்கை என்னவென்றால், திருச்சபையின் சொந்தச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் விதி இருக்கிறது. துணைவரால் தனக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து போகலாம். ஆயரின் ஆணை வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் யாரையும் கேட்காமலே போகலாம். மறுமணத்துக்கு இதில் இடமில்லை, காரணம் தீர்ந்தால் திரும்பவேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே இதை விடுதலைச் சாசனம் என்று நான் தூக்கிப்பிடிக்கவில்லை. ஆனால் ‘சங்கதி’யின் தெருவில் ஒரு பெண்ணுக்குக்கூட இப்படி ஒன்று இருப்பது தெரியாது. விதி புத்தகத்தில் இருந்தது, புத்தகம் சாமியார் வீட்டு அலமாரியில் இருந்தது.

கோயில் எப்படி இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால் கோபுரத்தைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. சாவி கூட்டுகிறவள் கையில் இருக்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்குத் திறக்கவேண்டும். அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரித்து, ஜெபம் சொல்லி, காப்பி போடுவது பெண்கள் என்றால், பங்குப் பேரவையில் கணக்குக் கேட்பதும் அவர்களாக இருக்கவேண்டும்.

2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் வாசகர் பணியை முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதனால் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க இப்போது ஒருத்திக்குச் சட்டத் தடையும் இல்லை. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். அந்த ஓலையோடு 1153ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.