மெழுகுத் தொட்டி

மாமல்லபுரத்தில் உளி பிடித்தும் கோவளத்தில் வலை இழுத்தும் விறைத்துப்போன விரல்களுக்கு, திருப்போரூர்ப் பக்கத்து இயன்முறை மருத்துவர் செய்யத்தக்க உபகாரங்களுள் என் மனத்தை மிகவும் வசீகரிப்பது மெழுகுத் தொட்டியே. சுமார் 52 பாகை உஷ்ணத்தில் உருகிநிற்கும் பாரபின் மெழுகில் கையை முக்கி எடுத்து, படலம் உறைந்தபின் மீண்டும் முக்கி, இவ்வாறு பல அடுக்கு ஏறியதும் துணியால் போர்த்தி 20 நிமிஷம் வைத்திருந்தால், அதே உஷ்ணமுள்ள நீர் தோலைப் பொசுக்கிவிடுமிடத்தில், மெழுகானது வெப்பத்தைச் சிறுகச் சிறுகவே விடுத்து மூட்டுகளை இளக்குகிறது. என்ன சாதுவான அக்கினி! ஆனால் அன்றைக்கே சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்குப் பனிக்கட்டியே உசிதம். மின்சாரச் சிகிச்சையின் யுக்தி வேறு: விநாடிக்கு 4000, 4100 தடவை அதிரும் இரு ஓட்டங்கள் தேகத்தினுள் சந்தித்து, 100 அதிர்வாய்ப் பரிணமித்து, வலியை மட்டுப்படுத்த முயல்கின்றன. தோலில் உணர்ச்சி குன்றிய நீரிழிவுக்காரரும் இதயமுடுக்கி பொருத்தியவரும் அதனை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.