இமயப் பனியும் ஏடு பெயர்த்தோர் பிழையும்

பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டைத் தமிழாசிரியர்கள் அறிவர். ஏடு பெயர்த்து எழுதுவோன் ஓர் எழுத்தை மாற்றி வைத்தால், அடுத்த படி எடுப்பவன் அதனையே மூலமெனக் கொள்வான். மூன்றாமவன் அப்பிழைக்கு உரையும் எழுதிவிடுவான். இந்நோய் பனையோலையோடு போய்விட்டது என்று எண்ணுவது தவறு. விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கானோர் கூடி எழுதிய நூலொன்றிலும் அது நுழைந்தது. நுழைந்த இடம், இமயமலையின் பனியாறுகளைப் பற்றிய ஒரு பத்தி.

ஐக்கிய நாடுகளின் ஆதரவில் இயங்கும் அரசுகளுக்கிடையிலான பருவநிலை மாற்றக் குழு தன் நான்காம் மதிப்பீட்டு அறிக்கையை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் இரண்டாம் பணிக்குழு எழுதிய நூலில், ஆசியாவைப் பற்றியது பத்தாம் இயல். இமயத்தின் பனியாறுகள் உலகின் வேறெப் பகுதியினும் விரைவாகப் பின்வாங்குகின்றன என்றும், இந்நிலை நீடிப்பின் 2035-ஆம் ஆண்டளவில், ஏன், அதற்கு முன்னரேகூட, அவை மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் அவ்வியல் கூறிற்று. அடுத்து வந்த வாக்கியமோ, அவற்றின் மொத்தப் பரப்பு 500,000 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 2035-க்குள் 100,000 ஆகச் சுருங்கும் என்றது.

இவ்விரு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் படித்தாலே ஐயம் பிறக்க வேண்டும். முன்னது எல்லாம் மறையும் என்கிறது. பின்னது ஐந்தில் ஒரு பங்கு எஞ்சும் என்கிறது. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்? மேலும், இமயத்தின் பனியாறுகள் யாவற்றையும் சேர்த்தாலும் அப்பரப்பு 500,000 சதுரக் கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. இல்லாத பனி உருகும் என்று எழுதப்பட்டிருந்தது.

அப்பத்தியின் பிறப்பை ஆராய்ந்தவர்கள், கிராம் காக்லி முதலிய பனியாற்று வல்லுநர் நால்வர். 2010 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் அவர்கள் செய்தது சுவடி ஆராய்ச்சியே. அறிக்கை சான்றாகக் காட்டியது, உலக இயற்கை நிதியம் 2005-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பை. அத்தொகுப்பு 1999-இல் ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழில் வந்த செய்தியைச் சார்ந்தது. அச்செய்தியோ இந்திய ஆய்வாளர் ஒருவரின் கூற்றாக வந்தது. அளவெடுத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அன்று. 2035 பற்றிய வாக்கியம் ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் ‘டவுன் டு எர்த்’ என்னும் இந்திய இதழில் 1999 ஏப்ரலிலேயே அச்சாகியிருந்தது. பரப்பளவு பற்றிய வாக்கியத்தின் மூலம் வேறு. ரஷ்ய அறிஞர் கோட்லியகோவ் பதிப்பித்து 1996-இல் யுனெஸ்கோ வெளியிட்ட நூலில், 500,000 என்பதும் 100,000 என்பதும் உள்ளன. ஆனால் அங்கே அவை துருவங்களுக்கு அப்பாற்பட்ட உலகப் பனியாறுகள் அனைத்தின் பரப்பு. அங்கே குறித்த ஆண்டும் 2035 அன்று, 2350.

உலகம் இமயமாயிற்று, மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் முப்பது ஆண்டுகளுக்குள் அடங்கிற்று. எண்கள் இடம் பெயர்ந்த இடம் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தோர் கருத்து.

அதே இயலில் உள்ள ஓர் அட்டவணை இதனினும் சிறந்த பாடம். பிண்டாரிப் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது என்றும், ஆண்டுக்குச் சராசரி 135.2 மீட்டர் என்றும் அதில் கண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் 1966-இலிருந்து 1845-ஐக் கழித்து 121 என்பான். 2,840-ஐ 121-ஆல் வகுத்து 23.5 என்று பலகையில் எழுதிவிட்டு உட்காருவான். 135.2 எங்கிருந்து வந்தது? 121-இன் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 21-ஆல் வகுத்தால் அவ்விடை கிடைக்கிறது! அப்பனியாற்றின் வேகம் ஏறத்தாழ ஆறு மடங்கு கூடியது வெயிலால் அன்று, வகுத்தல் கணக்கால்.

இவற்றை யாரும் முன்னரே கவனிக்கவில்லையா எனின், கவனித்தார்கள். அச்சுக்கு முன் மதிப்பாய்வு செய்தோருள் சிலர் ஐயம் எழுப்பியும் உரிய விடை தரப்படவில்லை என்பதைப் பன்னாட்டு அறிவியல் கழகங்களின் விசாரணைக் குழு 2010 ஆகஸ்டில் எடுத்துக் காட்டிற்று. அறிக்கையின் முதற் பணிக்குழு நூலில் பனியைப் பற்றித் தனி இயலே இருந்தது. அதனை எழுதியோர் பனியாற்று வல்லுநர். 2035 என்னும் எண் அங்கே இல்லை. பக்கத்து அறையில் இருந்தவரைக் கேட்டிருந்தாலே பிழை நின்றிருக்கும். 2010 ஜனவரி 20-இல், அப்பத்தி போதிய சான்றற்ற மதிப்பீடுகளைக் கொண்டது என்று குழு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெருமையே, ஆயினும் சில மாதங்களுக்கு முன்னர் நடந்ததை மறக்க இயலாது. இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி. கே. ராய்னா எழுதிய ஆய்வுரையை இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 நவம்பரில் வெளியிட்டது. பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்குகின்றன எனினும், வழக்கத்துக்கு மாறான வேகம் காணப்படவில்லை என்றது அது. அதனைக் குழுவின் அன்றைய தலைவர் மந்திர தந்திரத்தோடு ஒப்பிட்டு எள்ளினார். எள்ளற்குரியது எதுவென்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது.

இவ்வளவில் நிறுத்திவிட்டு, ‘பனி உருகுவது கட்டுக்கதை’ என்று கைகொட்டியவர்களும் உண்டு. அவர்கள் செய்தது மறுபுறப் பிழை. அதனைக் காண, பனி எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைச் சற்றே அறிதல் வேண்டும்.

பழைய முறை, பனியாற்றின் நுனி எங்கே நிற்கிறது என்று குறித்து வைப்பது. கங்கோத்ரிப் பனியாற்றின் நுனி கோமுகம். கங்கையின் ஊற்றுக்கண் என்று போற்றப்படுவது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் பின்வாங்கி வந்துள்ளது. பனியாற்றின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆனால் நுனியின் இடம் பனியின் எடையைச் சொல்லாது. மேலே கல்லும் மண்ணும் மூடிய பனியாறு, நுனி அசையாமலே இருந்து, உள்ளே மெலிந்துகொண்டு வரும். உடை மாறாமல் உடல் இளைக்கும் நோயாளியை உடையைப் பார்த்து மதிப்பிட்டால் என்னாகும்? ராய்னாவின் உரையில் உள்ள குறையும் இதுவே: அது பெரிதும் நுனிகளின் கணக்கைச் சார்ந்தது.

எடையை அறிய, மலையேறிப் போக வேண்டும். இமாசலப் பிரதேசத்தில், லாஹுல் ஸ்பித்தி மாவட்டத்தில், சோட்டா சிக்ரி என்றொரு பனியாறு உண்டு. நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். 2002 முதல் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அங்கே அளவெடுக்கத் தொடங்கினர். நீராவித் துளைக்கருவியால் பனியில் ஆழத் துளையிட்டு மூங்கில் கழிகளைச் செருகுவர். அடுத்த ஆண்டு கோடையின் முடிவில் திரும்பி வந்து, கழி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று பார்ப்பர். மேற்பகுதியில் குழி தோண்டி, ஓராண்டில் சேர்ந்த பனியின் கனத்தையும் அடர்த்தியையும் அளப்பர். ஏற்றதில் உருகியதைக் கழித்தால் அவ்வாண்டின் வரவு செலவு வரும். 2002 முதல் 2014 வரை சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீர் அப்பனியாற்றின் பரப்பு முழுவதிலிருந்தும் குறைந்தது. மூங்கிலும் மண்வெட்டியும் தந்த எண் அது. அதில் எவரும் ஏடு பெயர்க்கவில்லை.

ஆயின் இந்து குஷ் தொடங்கி இமயம் வரை ஏறத்தாழ 54,000 பனியாறுகள் உள்ளன. கழி நட்டவை மிகச் சில. அவையும் ஏறுவதற்கு எளியவை, தாழ்ந்தவை, சிறியவை. எளிதில் ஏறத்தக்கது எளிதில் உருகத்தக்கதாகவும் இருக்கிறது. பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளை மட்டும் சோதித்துவிட்டு வகுப்பின் தரத்தைக் கூறுவது போன்றது இது. கழிகளின் கணக்கைப் பரந்த மலைத்தொடர் முழுவதற்கும் ஏற்றியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் கோடி கிலோ, அதாவது 50 கன கிலோமீட்டர் நீருக்கு ஈடான இழப்பு என்று மிகைப்பட்ட எண் வந்தது இதனாலேயே.

2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள், 2017 வரை, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று தொடர்ந்து சென்றன. கீழே எடை மிகுந்த இடம் வந்தால் முன்னது சற்றே முந்தி இழுக்கப்படும். அந்த இடைவெளி மாற்றத்தை மயிரிழையினும் நுண்ணிதாக அளந்தால் பூமியின் எடை எங்கே கூடிற்று, எங்கே குறைந்தது என்பது புலனாகும். இவ்வளவைக் கொண்டு 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2003 முதல் 2010 வரை ஆசிய உயர்மலைப் பனியின் இழப்பு ஆண்டுக்கு 4 கன கிலோமீட்டர் நீருக்கு ஈடு என்றது. உடனே, இமயத்தில் பனி உருகவில்லை என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. அவ்வாய்வில் 4-க்குப் பக்கத்திலேயே ‘கூட்டல் கழித்தல் 20’ என்று அச்சிட்டிருந்ததைத் தலைப்பு எழுதியோர் விட்டுவிட்டனர். 24 குறைந்திருக்கலாம், 16 கூடியும் இருக்கலாம், கருவிக்குத் திட்டமாகத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். 121-இல் ஒன்றை விட்டவரும் 20-ஐ விட்டவரும் ஒரே பள்ளியில் பயின்றவர் போலும்!

கிரேஸுக்கு ஏன் இத்தனை தடுமாற்றம்? அதன் பார்வை அகன்றது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை ஒரு புள்ளியாகக் காணும். மலையின் அடிவாரத்தில் ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா மாநிலங்களின் உழவர்கள் கிணறுகளால் இறைத்துத் தீர்த்த நிலத்தடி நீர், 2002 ஆகஸ்டுக்கும் 2008 அக்டோபருக்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் என்று அதே கோள்களே காட்டின. ஆண்டுக்கு ஏறக்குறைய 18. மலையில் குறைந்த பனியையும் வயலில் குறைந்த நீரையும் ஒரே தராசு சேர்த்து நிறுத்தது. பிரித்தெடுப்பதற்குக் கணக்கும் ஊகமும் வேண்டும்.

வேறு கண்களும் வந்தன. ஐஸ்சாட் என்னும் கோள், ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுள்ள லேசர் ஒளிப்புள்ளிகளை 170 மீட்டருக்கு ஒன்றாக வீழ்த்தி 2003 முதல் 2009 வரை பனியின் உயரத்தை அளந்தது. ஆஸ்டர் என்னும் கருவியின் இரட்டைப் படங்களைக் கொண்டு, ஆசிய உயர்மலைப் பனியாறுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. 2000 முதல் 2016 வரை இழப்பு ஆண்டுக்கு 16.3, கூட்டல் கழித்தல் 3.5 என்றது அது. ஐம்பதும் அன்று, நான்கும் அன்று. குன்லுன் மலையில் பனி சற்றே கூடியிருப்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் கூறிற்று. ஆனால் இவையெல்லாம் உயரத்தை அளப்பவை. உயரம் ஒரு மீட்டர் குறைந்தால் எடை எவ்வளவு குறைந்தது? புதுப்பனி பஞ்சு போன்றது, பழம்பனி கல். வழக்கமாகக் கன மீட்டருக்கு 850 கிலோகிராம் என்று கொள்கிறார்கள். அவ்வெண்ணுக்கு ஆதாரம் வானத்தில் இல்லை. குழி தோண்டியவர்களின் குறிப்பேட்டில் இருக்கிறது.

பழைய கணக்கு இல்லாத குறையையும் எதிர்பாராத ஒன்று தீர்த்தது. 1970-களில் அமெரிக்கா ஹெக்ஸகன் என்னும் உளவுக் கோள்களால் எடுத்த படங்கள் பின்னர் வெளியிடப்பட்டன. பீரங்கிகளைத் தேடி எடுத்த படங்களில் பனியாறுகளும் விழுந்திருந்தன. அவற்றை இன்றைய படங்களோடு ஒப்பிட்டு, இமயத்தில் 2,000 கிலோமீட்டர் நெடுக 650 பனியாறுகளை ஆராய்ந்த முடிவு 2019-இல் வந்தது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்கு 0.22 மீட்டர் நீர் இழந்தவை, 2000-க்குப் பின் 0.43 மீட்டர் இழந்தன.

பனிக்கட்டி என்றால் ஐஸ் பெட்டியில் மட்டுமே கண்டறிந்த நாட்டில், இமயத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு எந்த எண்ணைச் சொல்வது? 2035-ஐச் சொன்னால், அவ்வாண்டு வரும், பனியும் இருக்கும், அன்று வளர்ந்து நிற்கும் மாணவன் ஆசிரியரையும் நம்பமாட்டான், பனி குறைகிறது என்னும் மெய்யையும் நம்பமாட்டான். காட்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலை வளர்ச்சி மையம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு, உலக வெப்பம் 1.5 பாகையோடு நின்றாலும் இந்து குஷ் இமயப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் போய்விடும் என்கிறது. புகை இன்றுபோல் மிகுந்தால் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வெண்களுக்கு இப்போது கழியும் உண்டு, கோளும் உண்டு, கூட்டல் கழித்தலும் உண்டு.