பனீர்த் தண்ணியில் புரோட்டீன் எவ்வளவு?

"பனீர் வடிச்ச தண்ணியைக் கொட்டாதீங்க, முழுக்க புரோட்டீன்" என்று சொல்லாத சமையல் வீடியோ அபூர்வம். கொட்டக் கூடாதுங்கிறது சரி. சொல்லும் காரணம்தான் தப்பு.

பாலை 90 டிகிரி வரை காய்ச்சித்தான் பனீருக்குத் திரிக்கிறோம். அந்தச் சூட்டில் வே புரோட்டீனில் பெரும்பங்கு பனீரோடவே ஒட்டிக்கொள்கிறது. தண்ணியில் மிஞ்சுவது ஏறக்குறைய 0.5 சதவீதம். கடையில் விற்கும் வே பவுடர் பெரும்பாலும் சீஸ் தயாரிப்பில் வடியும் தண்ணியிலிருந்து வருவது. சீஸுக்குப் பாலை இவ்வளவு காய்ச்சுவதில்லை.

பனீர்த் தண்ணியில் நிறைய இருப்பது பால் சர்க்கரை, கிட்டத்தட்ட 5 சதவீதம். அது செரிக்காதவர்கள் புரோட்டீன் என்று நம்பிக் குடித்தால் வயிறு உப்பும்.

கொட்டினாலும் அதுதான் வினை. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு 10 கிலோ பனீர் போட்டால் சுமார் 40 லிட்டர் வடியும். வாய்க்கால் வழியாக ஏரியில் கலந்தால், சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை இழுத்துவிடும்; மீனுக்கு மூச்சு முட்டும். வீட்டுச் சாக்கடையைவிட இதற்கு ஆக்ஸிஜன் தேவை 100 மடங்குக்கு மேல்.

நியூயார்க் மாநிலத்தில் கிரேக்கத் தயிர் ஆலைகளுக்கும் இதே தலைவலி. அங்கே அதை மாட்டுத் தீவனத்துக்கும் எருவுக்கும் எரிவாயுவுக்கும் அனுப்புகிறார்கள். நம்ம வீட்டில் சப்பாத்தி மாவு பிசையலாம், மாட்டுக்குக் கொஞ்சமாகக் கழுநீரில் கலந்து வைக்கலாம். புரோட்டீனுக்குப் பனீரையே சாப்பிடுங்க.