சினமும் பாவமும்: தமிழ்க் கிறித்தவ நூல்களில் இரு சொற்கள்

சினம் பாவமா என்னும் வினாவுக்குத் தமிழ்க் கிறித்தவ நூல்கள் ஒரே விடையைத் தரவில்லை. ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த கத்தோலிக்கர்க்குக் கோபம் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று. ஹென்றி பவர் குழுவினர் 1871இல் நிறைவுசெய்த விவிலிய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த சீர்திருத்த சபையார்க்கோ நியாயமில்லாத கோபமே குற்றம். ஒரே மறையைப் பின்பற்றும் இரு சாரார் ஒரே மொழியில் இருவேறு முடிவுகளைப் பெற்றுள்ளனர். இதனை இறையியல் வேறுபாடு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. ‘தலையான’, ‘நியாயமில்லாமல்’ என்னும் இரு தமிழ்ச் சொற்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

சமயநூல் மொழிபெயர்ப்பில் நேரும் இத்தகைய இடர்களை முன்னரே சுட்டியவருள் ஒருவர் அபே துபுவா. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர்ச் சீமையில் சிதறிக் கிடந்த கிறித்தவர்களை ஒருங்குசேர்க்க வந்த இப்பிரெஞ்சுக் குரு, 1823இல் நாடு திரும்பும்வரை பெரும்பாலும் அப்பகுதியிலேயே வாழ்ந்தார். அவ்வாண்டு வெளியான கடிதத் தொகுப்பில் விவிலியத்தை இந்திய மொழிகளில் பெயர்த்துப் பரப்பும் முயற்சியை அவர் கடுமையாக எதிர்த்தார். கெட்ட குமாரன் உவமையில் வரும் கொழுத்த கன்றின் விருந்து இந்நாட்டு மக்களுக்கு அருவருப்பையே தரும் என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அவருடைய அவநம்பிக்கை முழுவதும் ஏற்கத்தக்கதன்று. எனினும் கன்றை அடிப்பது கண்ணுக்குத் தெரியும் இடர். ஒரு பெயரடை பொருளை மாற்றிவிடுவது எளிதில் புலப்படாத இடர்.

முதலில் ‘தலையான’ என்னும் சொல். ஏழு பாவங்களின் பட்டியல் இல்லறத்தார்க்காகத் தோன்றியதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவியரிடையே வாழ்ந்த எவாகிரியுசு, துறவியின் மனத்தைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டினை வகுத்தார். காசியன் அதனை இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்றார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் அதனை ஏழாக மாற்றியமைத்தார். இலத்தீனில் இவற்றுக்கு அமைந்த பெயரடை ‘தலை’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. பிற பாவங்களுக்கு ஊற்றாக இருப்பதால் அப்பெயர் பெற்றன என்பதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமசு அக்குவினார் தரும் விளக்கம். பாவத்தின் கனத்தை அளக்க, சாவான பாவம், அற்பப் பாவம் என வேறொரு பாகுபாடு இருந்தது. ஆகவே கோபம் ‘தலை’ப் பாவம் என்றால், வசையும் அடியும் கொலையும் அதிலிருந்து பிறக்கும் என்பது பொருள், ஒவ்வொரு கோபமும் பெரும்பாவம் என்பது பொருளன்று.

தமிழில் ‘தலை’ ஊற்றையும் குறிக்கும், சிறப்பையும் குறிக்கும். காவிரி தோன்றும் குடகுமலைப் பகுதி தலைக்காவிரி எனப்படுவதில் முதற்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘தலையான’ என்று பெயரடையாகும்போது அப்பொருள் மங்கி, முதன்மையானது, மிகப் பெரியது என்னும் பொருளே செவியில் விழுகிறது. தமிழ் அச்சின் தொடக்க காலத்திலேயே, 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் ‘கொம்பெசியொனாயரு’ வெளிவந்தது என்பதை இங்கு நினைதல் தகும். பாவத்தை எண்ணிச் சொல்லும் பழக்கம் அத்துணைத் தொன்மையானது. துறவியின் தன்னாய்வுக்கு எழுந்த பட்டியல் இல்லறத்தானின் குற்றப்பட்டியலாயிற்று. நியாயத்துக்குட்பட்ட சினம் போற்றத்தக்கது, சினக்கவேண்டிய இடத்தில் சினவாமையும் குறையே என்னும் அக்குவினாரின் கருத்து, கோபத்துக்கு எதிர் பொறுமை என்று மட்டும் ஓதியவர்க்கு எட்டியிருக்க வழியில்லை.

இரண்டாவது சொல் எதிர்த்திசையில் இயங்குகிறது. மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், சகோதரனைச் சினப்பவன் தீர்ப்புக்கு உள்ளாவான் என இயேசு கற்பிக்கிறார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ‘நியாயமில்லாமல்’ என்ற அடை உண்டு. கிரேக்கப் படிகள் பலவற்றில் காணப்படும் ‘எய்க்கே’ என்னும் சொல்லின் பெயர்ப்பு அது. ஆனால் வத்திக்கான் சுவடியிலும், சினாய்ச் சுவடியின் முதற்கையெழுத்திலும் அச்சொல் இல்லை. செரோம் அதனைப் பிற்சேர்க்கை என்று விலக்கினார். காசியனின் வாதம் இன்னும் கூரியது: எவனும் தன் கோபத்துக்குக் காரணமில்லை என்று சொல்வதில்லை, ஆகவே அவ்வடை இருந்தால் கட்டளையே பயனற்றுப்போகும். ஆங்கிலத் திருத்தப் பதிப்பு 1881இல் அதனை மூலப்பகுதியிலிருந்து நீக்கியது. தமிழ்க் குழுவினரின் பணி அதற்குப் பத்தாண்டு முன்னரே முடிந்துவிட்டமையால் அடை நிலைத்துவிட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் அது இல்லை, கோபமும் சினமாயிற்று.

எபேசியர் நிருபம் நான்காம் அதிகாரத்திலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் ‘சினங்கொள்ளுங்கள்’ என ஏவல்வினையாக நிற்பது தமிழில் ‘கோபங்கொண்டாலும்’ என உம்மையேற்ற நிபந்தனையாகியது. அவ்வேவலை இசைவுப்பொருளில் கொள்ள இலக்கண இடமுண்டு. ஆதலின் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இயலாது. இத்தொடருக்கு மூலமான நான்காம் சங்கீதத்தின் எபிரேயச் சொல்லோ நடுங்குதல், கலங்குதல் என்றே முதற்கண் பொருள்படும். பழைய மொழிபெயர்ப்பு கோபத்தையும், பொழுது சாயுமுன் தணியவேண்டிய எரிச்சலையும் வேறுபடுத்துகிறது. கிரேக்கத்திலும் அவை இரு சொற்களே. புதிய மொழிபெயர்ப்பு இரண்டையும் சினம் என்றே கூறி அவ்வேறுபாட்டை இழந்துவிட்டது. நடை செம்மையுற்ற அளவுக்குப் பொருள் செம்மையுறவில்லை.

நற்சினத்துக்குச் சான்றாக ஆலயத்தில் வணிகரை விரட்டிய நிகழ்ச்சியே எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்நிகழ்ச்சியைக் கூறும் நான்கு நற்செய்திகளும் இயேசு சினந்தார் என்னும் சொல்லை அவ்விடத்தில் ஆளவில்லை. அச்சொல் வருமிடம் மாற்கு மூன்றாம் அதிகாரம். ஓய்வுநாளில் கைசூம்பிய ஒருவனைக் குணமாக்கலாமா என வினவியபோது சூழ்ந்திருந்தோர் வாய்மூடி நிற்க, அவர் சினத்துடன் அவர்களை நோக்கினார்; அவர்தம் மனக்கடினத்துக்காக வருந்தவும் செய்தார். இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் சினத்தை விட்டுவிட்டனர். அச்சொல் பண்டே சிலரை உறுத்தியிருக்கலாம்.

மலைப்பொழிவையும் குறளின் வெகுளாமை அதிகாரத்தையும் இணைத்துக் காணும் ஒப்பாய்வுகள் பல. வள்ளுவர் கிறித்தவப் போதகரிடம் கேட்டிருக்கக்கூடும் என்று 1886ஆம் ஆண்டுப் பதிப்பில் போப் ஊகித்ததும் அவ்வார்வத்தின் விளைவே. வெகுளாமை துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பது எவாகிரியுசின் பட்டியலோடு ஒப்புநோக்கத்தக்கது; இரண்டும் துறவியரை நோக்கியவை. ஆனால் வினா வேறு. சினத்துக்கு நியாயம் உண்டா என்று வள்ளுவர் முதலிற் கேட்கவில்லை. அது செல்லுமிடம் எது என்று கேட்கிறார். செல்லாத இடத்துச் சினம் தீது, செல்லும் இடத்துச் சினத்தினும் தீயது வேறில்லை என்பது அவர் முடிபு. அதாவது, காக்கும் பொறுப்பு வலியவன்மேல் முதலில் விழுகிறது. தொல்காப்பியமோ வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என அதன் நிலைக்களன் நான்கையும் பிறரிழைக்கும் தீங்குகளாகவே காட்டுகிறது. கோபம் என்னும் சொல்லைத் தேர்ந்த மறைநூலார் இவ்விரு மரபுகளையும் பயன்கொள்ளாமற் போனது இழப்பே.

இவ்விழப்பின் கனம் 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில் புலப்படுகிறது. தலித் கத்தோலிக்கராகப் பிறந்து, கன்னியராகித் துறவுமடம் புகுந்து, பின் அதனை விட்டு வெளியேறியவரின் தன்வரலாறு அது. கீழ்ப்படிதலும் பணிவும் போதிக்கப்படும் இடத்திலேயே சாதி இயங்குவதைக் கண்ட ஒருவரின் சினமே அந்நூலின் நடை. அச்சினத்தை ‘தலையான பாவம்’ என்று எண்ணி அறிக்கையிட வேண்டுமா? பழைய மொழிபெயர்ப்பின் ‘நியாயமில்லாமல்’ அவருக்குச் சிறிது இடந்தந்திருக்கும். பாட ஆராய்ச்சி நோக்கில் அச்சொல்லை நீக்கியது சரியே. ஆயினும் நீக்கப்பட்ட வாக்கியத்தைக் கல்லறையிலும் சாதிச்சுவர் எழுப்பியவனை நோக்கி ஓதுவதும், அச்சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவனின் மக்களை நோக்கி ஓதுவதும் ஒன்றல்ல. மாற்கு மூன்றாம் அதிகாரத்தின் சினம் இரு மொழிபெயர்ப்புகளிலும் நீக்கப்படாமலே இருக்கிறது.