எண்ணிக்கையும் பொருள்கோளும்: சங்கச் செய்யுள் ஆய்வில் முறைத்தேர்வு பற்றிய சில குறிப்புகள்

ஆய்வுமுறை பற்றிய விவாதம் நம்மிடையே இரு கட்சிகளின் வழக்காகவே நடைபெற்று வருகின்றது. அளவுசார் முறையைக் கைக்கொள்வோர், எண்ணி நிறுவப்படாதது ஆய்வாகாது, வெறும் இரசனையே என்பர். பண்புசார் முறையினரோ, மனித அனுபவத்தை அட்டவணைக்குள் அடக்குதல் அதனைச் சிதைத்தலாகும் என்பர். இவ்விரு கூற்றுக்களும் முறையை ஆய்வாளரின் மனச்சாய்வோடு பிணைத்து நோக்குவன. முறை என்பது வினாவிற்கு விடை தேடும் கருவியாதலின், வினாவின் தன்மையே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். இதனைப் பொதுப்படக் கூறுதல் எளிது. குறிப்பிட்டதோர் ஆய்வுப் பிரச்சினையில் வைத்து நோக்கும்போதே இதன் கடினம் புலனாகும். சங்கச் செய்யுட்கள் வாய்மொழியாக ஆக்கப்பட்டனவா என்னும் பிரச்சினை அத்தகையது.

இப்பிரச்சினையின் தோற்றுவாய் ஹோமர் பற்றிய ஆய்விலே உள்ளது. ஒரே யாப்புச் சூழலில் ஒரு கருத்தைப் புலப்படுத்த வழக்கமாகக் கையாளப்படும் சொற்றொகுதியை வாய்பாடு என வரையறுத்த மில்மன் பரி, 1930இல் இலியட், ஒடிசி ஆகிய ஒவ்வொன்றினதும் முதல் 25 அடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் எத்தொடர்கள் பிற இடங்களில் மீள வருகின்றன என ஆராய்ந்து காட்டினார். மீள்வரவு மிகுதி என்பதை எண்ணிக்கை நிறுவிற்று. அது ஏன் மிகுந்தது என்பதை எண்ணிக்கையால் நிறுவ இயலவில்லை. அதனாலேயே அவர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவிலே வாழ்ந்த பாடகரைத் தேடிச் சென்றார். 1935இல் அவர் மறைந்தபின், அவருடைய மாணவர் அல்பேர்ட் லோர்ட் அப்பணியைத் தொடர்ந்து 1960இல் தமது நூலை வெளியிட்டார்.

லோர்ட் தரும் செய்தியொன்று நமக்கு மிகவும் பயனுடையது. தாம் கேட்ட பாடலைச் சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி மாறாமற் பாடுவதாகப் பாடகர் ஒருவர் உறுதி கூறினார். ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டபோது அவை பெரிதும் வேறுபட்டிருந்தன. பாடகர் பொய்யுரைத்தாரல்லர், 'சொல்' என்பதற்கு அவர் கொண்ட பொருள் எழுத்தறிந்தோர் கொள்ளும் பொருளன்று. நேர்காணலை மட்டும் நம்பியிருந்தால் பாடல் மாறவில்லை என்று முடிந்திருக்கும். பதிவுகளை மட்டும் எண்ணியிருந்தால் பாடகரது நினைவாற்றல் குறைவு என்று முடிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று திருத்தியபோதே உண்மை புலப்பட்டது.

தமிழில் இவ்வாய்வு நெறியை முதன்முதல் விரிவாகக் கையாண்டவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் செய்த ஆய்வின் பயனாக 1968இல் வெளிவந்த அவரது வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல், சங்கச் செய்யுட்களைக் கிரேக்க, ஐரிஷ் முதலிய பாடல்களோடு ஒப்புநோக்கி, அவை வாய்மொழிப் பாணர் மரபிற்கு உரியன என வாதிட்டது. 1975இல் ஜோர்ஜ் ஹாட் இதனை மறுத்து, பாணரது வாய்மொழிப் பாடலை மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவையே அவை என்றார். இருவரும் எடுத்துக்கொண்டவை ஒரே செய்யுட்களே. மீள்வரும் தொடர்கள் உள்ளன என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. அவற்றின் காரணம் பற்றியதே பிணக்கு.

இவ்விடத்து எண்ணிக்கையின் எல்லைகள் மூன்றினைச் சுட்டலாம். முதலாவது, அலகு பற்றியது. வாய்பாடு என்னும் கருத்து ஹோமரின் யாப்பைச் சார்ந்து வரையறுக்கப்பட்டது. சீரும் தளையும் கொண்டியலும் ஆசிரியப்பாவுக்கு அது அப்படியே பொருந்தாது. எவ்விரு தொடர்களை 'ஒன்றே' எனக் கொள்வது என்பதை எண்ணத் தொடங்கு முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். அம்முடிவு யாப்பையும் பொருளையும் உணர்ந்து செய்யப்படும் பண்புசார் தீர்ப்பேயாகும். எனவே, தூய அளவுசார் ஆய்வு எனத் தனியே ஒன்றில்லை.

இரண்டாவது, காரணம் பற்றியது. அகப்பாடல்களில் தலைவன் வெற்பன், சேர்ப்பன், ஊரன் என மீண்டும் மீண்டும் சுட்டப்படுகின்றான். இம்மீள்வரவு பாடுவோனின் உடனடித் தேவையால் எழுந்திருக்கலாம். திணை மரபு வேண்டியமையால் எழுந்திருக்கலாம். முந்தையோர் செய்யுளைக் கற்ற புலவன் அதனை நினைவூட்ட விரும்பியமையாலும் எழுந்திருக்கலாம். மூன்றுக்கும் எண்ணிக்கை ஒன்றே.

மூன்றாவது, தரவு பற்றியது. இலியட் 15,000 அடிகளுக்கு மேற்பட்டது. குறுந்தொகைச் செய்யுளோ 4 முதல் 8 அடி வரையினது. நற்றிணை 9 முதல் 12. அகநானூறு 13 முதல் 31. நெடும்பாட்டை இடையறாது பாடிச் செல்வோனுக்கு வாய்பாடு தேவைப்படும் என்னும் விளக்கம் நாலடிச் செய்யுளுக்கு எவ்வாறு பொருந்தும்? மேலும், இவை அடியளவு கருதித் தொகுத்தோர் தெரிந்தெடுத்தவை. அக்காலப் பாடல் முழுவதற்கும் சார்பின்றி எடுக்கப்பட்ட மாதிரிகள் அல்ல. 473 புலவர் என வழங்கும் கணக்கிலும் இத்தகைய சிக்கல் உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றோர் தத்தம் செய்யுளில் வரும் தொடராற் பெயர் பெற்றோர். அவ்வெண் மக்களின் தொகை என்பதினும் பெயர்களின் தொகை என்பதே பொருந்தும்.

இதனாற் பண்புசார் ஆய்வு தப்பிவிட்டது எனக் கருதலாகாது. 'பெரும்பாலும்', 'பல இடங்களில்', 'பரவலாக' என்னும் சொற்கள் நமது திறனாய்வுக் கட்டுரைகளில் எவ்விதத் தடையுமின்றிப் பயில்கின்றன. இவை எண்ணப்படாத எண்கள். இரண்டு மூன்று செய்யுட்களை மேற்கோள் காட்டி ஒரு யுகத்தின் இயல்பை நிறுவுவோர், மாறான செய்யுட்கள் எத்தனை என்று கூறக் கடமைப்பட்டவர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சொல்லடைவு 1967 தொடக்கம் வெளிவந்தது. 1998இல் ஆரம்பமான மதுரைத் திட்டத்தின் பின் நூல்கள் கணினியிலும் கிடைக்கின்றன. எண்ணுதல் இன்று அரிய உழைப்பன்று. ஆகவே எண்ணாதிருத்தற்கு நியாயமில்லை. எண்ணியதோடு நின்றுவிடுதற்கும் நியாயமில்லை.

முற்போக்குத் திறனாய்வாளருக்கு இப்பிரச்சினை வெறும் நுணுக்க விவாதமன்று. செவ்வியல் எனப் போற்றப்படும் இலக்கியத்திற் பாணர், பொருநர், கூத்தர் முதலிய கலைஞரின் பங்கு யாது என்பதே இதன் உள்ளீடு. அவர்களே ஆக்கியோர் என்னும் முடிவு நமக்கு உவப்பானது. உவப்பான முடிவே கடுஞ்சோதனைக்கு உட்படவேண்டியது. சிறுபாணாற்றுப்படையிற் பேசுவோன் பாணன். இயற்றியவராகக் குறிக்கப்படுபவர் நத்தத்தனார் என்னும் புலவர். பாணனின் குரல் கேட்கும் இடங்களையெல்லாம் எண்ணினாலும், அக்குரல் அவனுடையதா, அவனுக்காகப் பிறர் மேற்கொண்டதா என்பது தெளிவுபடாது. அதே வேளையில், ஹாட்டின் முடிவை ஏற்பினும் பாணர் மறைந்துவிடுவதில்லை. புலவர் கற்றுக்கொண்ட ஊற்று அவர்களாகவே எஞ்சி நிற்கின்றனர். பிணக்கின் உண்மையான எல்லை, அதைச் சூழ எழுந்த ஆரவாரத்தினும் குறுகியது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாக முதிரும் என்பதைச் சமூக வரலாற்றில் ஏற்றுக்கொள்ளும் நாம், ஆய்வுமுறையில் அளவையும் பண்பையும் பகைப்புலங்களாக நிறுத்துதல் பொருந்தாது. அடுத்து வேண்டப்படுவது தெளிவானது. 248 அடிகள் கொண்ட பொருநராற்றுப்படை, 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படை போன்ற நெடும்பாட்டுக்களைத் தொகைநூற் குறுஞ்செய்யுட்களினின்றும் பிரித்து எண்ணுதல் வேண்டும். திணை மரபால் வரும் தொடர்களை ஏனையவற்றோடு கலவாது தனியே வகுத்தல் வேண்டும். எதனை ஒன்றெனக் கொண்டோம், எதனை விலக்கினோம் என்னும் விதிகளையும், விதிக்கு அடங்காத இடங்களையும் முடிவுகளோடு சேர்த்து வெளியிடுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், பின்வரும் ஆய்வாளர் எமது முடிவை மறுப்பினும் எமது எண்ணிக்கையைப் பயன்கொள்ள இயலும்.